மூவாயிரம் வருஷத்து அம்மி

"இஞ்சாருங்கோ, அம்மியைக் காணேல்லை."

செல்வராணி அறை வாசலில் வந்து நின்று சொன்னபோது இராஜசிங்கம் ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் செருப்புமாக இருந்தான். அவள் கையில் ஊறவைத்த செத்தல் மிளகாய்க் கோப்பை. அதில் ஒரு மிளகாய்கூட அரைபட்டிருக்கவில்லை.

"அம்மி எங்க போகும்? வடிவாப் பாத்தனீரோ?"

"என்னைக் கண் தெரியாதவள் எண்டே நினைச்சியள்? கல்லுக் கிடந்த இடத்தில பள்ளம்தான் கிடக்கு."

பஸ்ஸில் மறந்துவிட்ட குடையை அடுத்த நாள் காயவைத்து மடித்துத் தருகிற நாடு சுவிஸ். அந்த நாட்டில் அம்மி களவு போகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? அதுவும் இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல்.

மூஸ்விலர் என்ற அந்தக் கிராமம் லாங்கன்தாலில் இருந்து பஸ் ஏறினால் வருகிற கடைசித் தரிப்பு. ஒரு தேவாலயம், ஒரு விடுதி, ஒரு தீயணைப்புக் கொட்டில், மனிதரைவிட அதிகமாக மாடுகள். அகதி மனுக் கொடுத்த இராஜசிங்கத்தையும் மனைவியையும் அரசாங்கம் அங்கே விடுதியின் மேல்மாடி அறையில் கொண்டுபோய் வைத்தது. இராஜசிங்கம் கீழே குசினியில் கோப்பை கழுவினான். சீவியம் ஒருவிதமாக ஓடியது. சம்பல் மட்டும்தான் சரிவரவில்லை.

விடுதிக்காரி ஃபிராவ் ஸ்டால்டர் நல்ல மனுசி. தன்னுடைய மின்சார அரைப்பானைக் கொடுத்துப் பார்த்தாள். அது தேங்காய்ப்பூவையும் மிளகாயையும் சேர்த்து ஒரு கூழ் ஆக்கித் தந்தது. அதை வாயில் வைத்த செல்வராணி, "இதைத் தின்னுறதுக்கு நான் ஊரிலேயே செல்லடி பட்டுச் செத்திருக்கலாம்" என்று சொல்லி அன்று முழுவதும் பட்டினி கிடந்தாள்.

மனைவி பட்டினி கிடந்தால் எந்தக் கணவனும் சிற்பி ஆவான். விடுதிக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றங்கரையில் ஒரு தட்டையான கல்லை இராஜசிங்கம் கண்டுபிடித்தான். ஊரில் மேசன் வேலை செய்யும் இத்தாலிக்காரன் புரூனோவிடம் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கினான். அம்மி கொத்துகிறவர்கள் ஊரில் எப்படிக் கொத்துவார்களோ அப்படியே வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துக் கொத்தினான். ஆற்றிலேயே உருண்டையாக ஒரு நீட்டுக்கல் குழவிக்கு வாய்த்தது. அம்மியை மேல்மாடிக்குத் தூக்க முடியாததால் அது கரையிலேயே கிடந்தது. செல்வராணி குழவியைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோய் அரைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைப்பாள்.

இப்போது குழவி இருக்கிறது, அம்மி இல்லை.

குசினிக்குள் போனதும் ஃபிராவ் ஸ்டால்டர், "கேள்விப்பட்டீர்களா? வாத்தியார் கெர்பர் பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்டார்" என்றாள்.

இராஜசிங்கம் கழுவின கோப்பையையே மறுபடியும் கழுவினான்.

வாத்தியார் கெர்பர் ஓய்வுபெற்றவர். மூஸ்விலரின் வரலாற்றை மூன்று பாகங்களில் எழுதி அச்சிட்டவர். மூன்றாம் பாகம் முழுக்க ஊர்ப் பாற்கட்டிச் சங்கத்தில் நடந்த சண்டைகள். அந்த வருஷம், அதாவது எண்பத்தேழாம் ஆண்டு, மூஸ்விலருக்கு எழுநூறு வயது. ஆவணி மாதம் விழா எடுக்க ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் விழாவில் ஒருவருக்கும் மனம் ஒட்டவில்லை. காரணம், பக்கத்து ஊரான ரூடிஸ்பாக் போன வருஷம் எங்கோ ஒரு பழைய தோலேட்டைக் கிளறி எடுத்து, தனக்குத் தொள்ளாயிரம் வயது என்று வாத்தியக் குழு வைத்துக் கொண்டாடிவிட்டது. அன்று முதல் மூஸ்விலர்க்காரர் ரூடிஸ்பாக் பாலைக்கூட வாங்குவதில்லை.

இராஜசிங்கம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தீயணைப்புக் கொட்டிலில் ஒரு கம்பளியின் மேல் செல்வராணியின் அம்மி படுத்திருந்தது. சுற்றிவர ஊரே நின்றது. வாத்தியார் பூதக்கண்ணாடியோடு குனிந்து நின்றார். பக்கத்தில் ஊராட்சித் தலைவர் மோசர், கையைக் கட்டிக்கொண்டு.

"ரோமருக்கும் முன்னால் இங்கே வாழ்ந்த கெல்ட் மக்களின் நட்சத்திரக் கல்" என்றார் வாத்தியார். "இந்தப் புள்ளிகள் வானத்தின் வரைபடம். மூவாயிரம் வருஷம் இருக்கும்."

"இந்தச் சிவப்பு?" என்று கேட்டார் மோசர்.

"இரத்தமாக இருக்கலாம்."

அது முந்தாநாள் அரைத்த சம்பல். மஞ்சள் கறை அதற்கு முதல் நாள் அரைத்த மீன்குழம்புக் கூட்டு. சொல்லிவிடவேண்டும் என்றுதான் இராஜசிங்கம் நினைத்தான். ஆனால் சொல்வது அவ்வளவு லேசான காரியமா? அவனுடைய அகதிக் கேஸ் பெர்னில் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. இந்தக் குடும்பத்தை எங்களோடு இருக்கவிடுங்கள் என்று ஊர் சார்பில் ஒரு மனு அனுப்பலாம் என்று சொன்ன ஒரே ஆள் வாத்தியார் கெர்பர்தான். அதில் முதல் கையெழுத்துப் போடவேண்டியவர் மோசர். லாபம் இல்லாத இடத்தில் பேனையைத் திறக்காத மனுசன் மோசர். "விழா முடியட்டும், பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார்.

ஆனாலும் இராஜசிங்கம் நேர்மையான ஆள். தனக்குத் தெரிந்த ஜேர்மனில் தொடங்கினான். "ஹெர் கெர்பர், இந்தக் கல்... என் மனைவி... சமையல்..."

வாத்தியார் விரலை உயர்த்தினார். "கேட்டீர்களா மோசர்? சமையல் என்கிறார். பலியுணவு சமைத்த கல். நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன், இவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்."

மோசர் அன்றுதான் முதன்முதலாக இராஜசிங்கத்தின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "இவருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"இவருடைய ஊரில் இப்படிப்பட்ட கல் வீட்டுக்கு ஒன்று இருக்கிறதாம்."

இராஜசிங்கம் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அது உண்மைதான் என்பதால் மறுக்கவும் முடியவில்லை.

மறுநாள் வட்டாரப் பத்திரிகையில் அம்மியின் படம் வந்தது. பக்கத்தில் இராஜசிங்கம். கீழே, 'கீழைத்தேய நிபுணர் உறுதிசெய்கிறார்' என்று போட்டிருந்தது. ஃபிராவ் ஸ்டால்டர் அதை வெட்டி விடுதிச் சுவரில் ஒட்டினாள்.

செல்வராணி பத்திரிகையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். "என்ர அம்மியைக் களவு குடுத்திட்டு அதுக்குப் பக்கத்தில நிண்டு பல்லைக் காட்டுறியள். போய் உண்மையைச் சொல்லி வாங்கிக்கொண்டு வாங்கோ."

"சொன்னால் ஊரெல்லாம் வாத்தியாரைப் பாத்துச் சிரிக்கும். பிறகு அந்த மனுசன் எங்களுக்கு மனு எழுதுமோ? மனு இல்லையெண்டால் நேரே கட்டுநாயக்கா ஏர்போட்தான். அங்க ஆர் நிப்பினமெண்டு உமக்குத் தெரியும்."

செல்வராணிக்குத் தெரியும். அவளுடைய தம்பியை ஆமிக்காரர் அங்கே வைத்துத்தான் பிடித்தார்கள். அவள் மிளகாய்க் கோப்பையை மூடி வைத்தாள்.

"அப்ப இன்னொரு கல்லுக் கொத்துங்கோ. ஒருத்தருக்கும் தெரியாமல்" என்றாள் பிறகு.

இராஜசிங்கம் மறுபடியும் புரூனோவிடம் போனான்.

"முதல் கொத்தின கல் என்னாச்சு?" என்று கேட்டான் புரூனோ. இருவருக்கும் ஜேர்மன் ஒரே அளவு அரைகுறை. அதனால் நன்றாக விளங்கியது.

"துலைஞ்சு போச்சு."

புரூனோ மீசையைத் தடவினான். தீயணைப்புக் கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு உளியை எடுத்துக் கொடுத்தான்.

மத்தியான ஓய்வில் காட்டுக்குள் ஒதுங்கி, ஒரு கல்லைத் தெரிந்தெடுத்து, இராஜசிங்கம் கொத்தத் தொடங்கினான். பாதிப் புள்ளி முடிந்திருக்கும். மரங்களுக்கு நடுவில் வாத்தியாரின் தொப்பி தெரிந்தது. உளியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, வானத்தைப் பார்த்தான்.

"எழும்புங்கள்" என்றார் வாத்தியார்.

எழும்பினான். கல்லைச் சுற்றிப் புதுச் சில்லுகள் வெள்ளைவெளேர் என்று சிதறிக் கிடந்தன. வாத்தியார் கைக்குட்டையை விரித்து அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கட்டி, தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இரண்டாவது கல். அப்படியென்றால் இது தனிக்கல் அல்ல, ஒரு கோயிலே இருந்திருக்கிறது."

"ஹெர் கெர்பர், நான்தான் இதை..."

"ஆமாம், நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அப்படியே எழுதிவிடுகிறேன். மோசருக்கு மிகவும் பிடிக்கும்."

ஒரு அம்மி போனதற்குப் பரிகாரம் தேடப் போய் இரண்டு அம்மி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை லாங்கன்தாலில் இருந்து சிறீதரன் வந்தான். பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெடியன். ஊரில் உயர்தர வகுப்பில் வரலாறு படித்து இரண்டு தரம் கோட்டைவிட்டவன். ஆகவே இந்த விஷயத்தில் அவன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

"அண்ணை, கட்டிலுக்குக் கீழ என்ன?" என்றான்.

"குழவி."

"ஆதாரத்தைக் கட்டிலுக்குக் கீழ வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறியளே? நாளைக்கு ஒருத்தன் வந்து அதையும் அம்மியையும் பொருத்திப் பாத்தால் என்ன செய்வியள்? ஆத்தில போடுங்கோ."

செல்வராணி கொடுக்கமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டாள். இரண்டு ஆண்களும் பாலத்தில் நின்று இயற்கையை இரசிப்பது போல் நடித்துக் குழவியை ஆற்றில் போட்டார்கள்.

புதன்கிழமை தீயணைப்புப் படையின் பயிற்சி. ஆற்றில் இருந்து தண்ணீர் உறிஞ்சக் குழாயை இறக்கியபோது ஏதோ தடுத்தது. இறங்கிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மூஸ்விலர் ஊராட்சி மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட் துணியின் மேல் குழவி கிடந்தது. 'கெல்ட் பூசாரியின் செங்கோல்' என்று கீழே எழுதியிருந்தார்கள். பெட்டிக்கு ஒரு தனி மின்விளக்கு.

செல்வராணி அதைப் பார்க்கப் போனாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றுவிட்டு, "எனக்குக்கூடக் கலியாணத்தில வெல்வெட் விரிக்கேல்லை" என்று சொல்லித் திரும்பி வந்தாள்.

சிறீதரனோ பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றான். மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது அவன் குரல் மாறியிருந்தது.

"அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன். கெல்ட் ஆக்கள் உண்மையிலேயே எங்கட ஆக்களாய் இருக்கலாமோ?"

"டேய், அது நான் கொத்தினதடா."

"நீங்கள் கொத்தினது சரி. ஆனா இந்த மண்ணில வந்து கொத்தவேணுமெண்டு உங்களுக்கு ஏன் தோணினது? அதைத்தான் நான் யோசிக்கிறன்."

இராஜசிங்கம் அவனை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினான்.

விழா நாளும் வந்தது. தேவாலயத்தின் முன்னால் மேடை. மேடையின் பின்னால் அந்த ஊரின் பழைய பெருமையான ரோமர் சுவர். ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு; ரூடிஸ்பாக்கிலும் அப்படி ஒன்று இருந்ததால் வயதுப் போட்டிக்கு மட்டும் அது உதவவில்லை. அதை யாரும் சுரண்டாமல், பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது புரூனோவின் வேலை. அதற்கு முன்னால் புரூனோ கட்டிய புதுப் பீடத்தில் இரண்டு அம்மிகளும் மலர்மாலையோடு வீற்றிருந்தன. எழுநூறு என்று அச்சிட்டிருந்த கொடிகளில் எல்லாம் மூவாயிரம் என்று புதிதாக ஒட்டியிருந்தார்கள். ரூடிஸ்பாக் தலைவர் முன்வரிசையில் கசாயம் குடித்த முகத்தோடு இருந்தார்.

பெர்னில் இருந்து ஒரு பேராசிரியரும் வந்திருந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கடைசியில் குனிந்து மணந்து பார்த்தார்.

மேடையோரத்தில் நின்ற செல்வராணி கணவனின் கையை இறுகப் பிடித்தாள். "துலைஞ்சுது. அந்தக் கல்லு மூண்டு மாசம் மிளகாய் குடிச்சது."

பேராசிரியர் தும்மினார். மறுபடியும் தும்மினார். கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது.

"உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று மோசர் ஒலிவாங்கியில் மெதுவாக அறிவித்தார்.

பேராசிரியர் கண்ணைத் துடைத்து, ஒலிவாங்கியை வாங்கினார். முன்வரிசையில் பொரித்த இறைச்சியும் வைனும் அவருக்காகக் காத்திருந்தன. "இன்றைய அறிவியல் நிலையில், எதையும் உறுதியாக நிராகரிக்க முடியாது" என்றார்.

கைதட்டலில் தேவாலயக் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன.

பிறகு மோசர் எழுந்து பொக்கெற்றில் இருந்து மனுவை எடுத்தார். கூட்டத்தில் வாசித்து, எல்லோரும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. இராஜசிங்கம் வாத்தியாரைப் பார்த்தான். கிழவர் புதுக் கழுத்துப்பட்டி கட்டி, கையைப் பின்னால் கோர்த்துக்கொண்டு, பரிசளிப்பு விழாவில் நிற்கும் பிள்ளை மாதிரி நின்றார். தனக்காகப் பரிந்து பேசிய ஒரே மனுசனை இப்படி ஏமாற்றி ஒரு நாட்டில் இருக்கத்தான் வேண்டுமா? நாளைக்கு யாரோ ஒருவன் உண்மையைக் கண்டுபிடித்தால் இந்தக் கிழவர் எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்?

செல்வராணி கையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவன் மேடையில் ஏறினான். ஒலிவாங்கியின் முன் நின்றான். வாயைத் திறந்தான். தெரிந்த அரைகுறை ஜேர்மனும் பறந்துவிட்டது. வந்தது முழுக்கத் தமிழ்.

"இது பழைய கல்லு இல்லை. என்ர மனிசி சம்பல் அரைக்கிற அம்மி. நான்தான் கொத்தினனான். வாத்தியாரில ஒரு பிழையும் இல்லை. எங்களை அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ, அவரைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கவேண்டாம்."

சபையில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வாத்தியார் கெர்பர் முன்னுக்கு வந்தார். "நான் மொழிபெயர்க்கிறேன்" என்றார்.

வாத்தியாருக்குத் தமிழில் 'வணக்கம்' கூடத் தெரியாது. அதை யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

"இவர் சொல்கிறார்" என்று தொடங்கினார், "இந்தக் கல்லைப் பார்க்கும்போது தன் வீட்டுக் கல்லைப் பார்ப்பது போலவே இருக்கிறதாம். இவருடைய மனைவிக்கு இதைப் பிரிந்து இருக்கவே முடியவில்லையாம். எங்கே அனுப்பினாலும் தங்கள் மனம் இந்தக் கல்லோடுதான் இருக்குமாம்."

ஃபிராவ் ஸ்டால்டர் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்தாள். தீயணைப்புப் படைத் தளபதி மூக்கைச் சிந்தினார். செல்வராணி உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். வேறு காரணத்துக்காக என்றாலும், பார்க்க ஒரே மாதிரித்தான் இருந்தது.

மோசர் தொண்டையைச் செருமினார். "இந்தக் கல்லை விளங்கின ஒரே ஆள் இவர். இவரை அனுப்பிவிட்டால் வருகிற பயணிகளுக்கு யார் விளக்கம் சொல்வது? ரூடிஸ்பாக்கில் இருந்தா ஆள் பிடிப்பது?" என்று கேட்டுவிட்டு, பேனையைத் திறந்தார். பேராசிரியரும் போட்டார். பாற்கட்டிச் சங்கத்தின் இரண்டு கோஷ்டிகளும் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரே தாளில் போட்டன.

கூட்டம் கலைந்தபின் இராஜசிங்கமும் புரூனோவும் வாங்குகளை மடக்கி அடுக்கினார்கள். ஊர் சந்தோஷத்தில் விடுதிக்குள் பாடிக்கொண்டிருந்தது. இராஜசிங்கம் மட்டும் ஒரு வாங்கில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

"ஏன் முகம் இப்பிடி? இனி உன்னை அனுப்பமாட்டினம்" என்றான் புரூனோ.

"எல்லாரும் பொய்யை நம்பிக் கையெழுத்து வைச்சிட்டினம். உனக்குத் தெரியும், உளி குடுத்தது நீ. வாத்தியாருக்கு எப்பவாவது உண்மை தெரிய வந்தால் அந்த மனுசன் தாங்குமோ?"

புரூனோ சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மிச்சமிருந்த வைனைக் குடித்து அடக்கிக்கொண்டான். பிறகு வெறும் போத்தலால் மேடைக்குப் பின்னால் காட்டினான்.

"அந்த ரோமர் சுவர், அறுபத்திரண்டாம் ஆண்டு என்னை இத்தாலிக்குத் திருப்பி அனுப்பப் பாத்த நேரம் நான் கட்டினது. சுண்ணாம்பு குழைச்சுத் தந்தது வாத்தியார்."